இளஞ்சிவப்பும் கோணங்களும்

மழை ஓய்ந்த ஓரிரு நாளில், கறையான் புற்றை ஒட்டிய தரையில் சின்னஞ்சிறு வெள்ளைக் காளான்கள் கூட்டங்கூட்டமாக முளைத்து நிற்பதைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பார்க்கலாம். ஒவ்வொரு குடையும் இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அதிகம். ஆனால் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் எழும். கறையான்கள் தம் கூட்டுக்குள் வளர்க்கும் பூஞ்சைப் படுகையைத் துண்டு துண்டாக வெளியே கொண்டுவந்து போடுகின்றன. அந்தத் துண்டுகளிலிருந்து முளைப்பவை இவை. ஊரில் பறித்துச் சமைப்பவர்களுக்கு இவற்றின் இடமும் பருவமும் அத்துப்படி. அறிவியல் நூல்களிலோ இவை எந்த இனத்தோடு சேர வேண்டியவை என்பது தெளிவாக எழுபது ஆண்டுகள் ஆயின.

1871இல் மைல்ஸ் ஜோசப் பெர்க்கிலி, கிறிஸ்டோபர் எட்மண்ட் புரூம் என்ற இரு ஆங்கிலேயர்கள் இலங்கைப் பூஞ்சைகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த துவெய்ட்ஸ் அனுப்பிய மாதிரிகளை வைத்து எழுதியது அது. அதில் இந்தக் காளானுக்கு அகாரிகஸ் மைக்ரோகார்பஸ் என்று பெயர் வைத்தார்கள். 1887இல் இத்தாலியரான சக்கார்டோ, உலகத்துப் பூஞ்சைகளையெல்லாம் திரட்டிய தம் பெருநூலில் இதை எண்டோலோமா என்ற பேரினத்துக்கு மாற்றினார். இது உதிர்க்கும் தூள் இளஞ்சிவப்பு. எண்டோலோமா உதிர்ப்பதும் இளஞ்சிவப்பு. அந்தக் காலத்து முறைப்படி அது போதுமான சான்று. 1906இல் பேராதனையில் பணியாற்றிய தாமஸ் பெட்ச் கறையான் கூடுகளைத் தோண்டி, உள்ளிருக்கும் படுகையையும் வெளியே எழும் காளான்களையும் பற்றி விரிவாக எழுதினார். கடைசியில் 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம், கறையானோடு வாழும் காளான்களுக்கென்றே டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தை நிறுவி இதை அங்கே கொண்டுபோனார்.

சக்கார்டோ கவனக்குறைவானவர் அல்லர். அவர் நம்பிய அடையாளம்தான் பாதி உண்மையை மட்டும் சொல்லக்கூடியது. குடையின் அடியில் செவுள் வரிசையுள்ள காளான்களில், ஸ்போர் எனப்படும் அந்த உதிரும் தூள் இளஞ்சிவப்பாக இருப்பவை தனித்தனி வம்சங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கின்றன. நிறத்தை மட்டும் பார்த்தால் அவை ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரியும். அவற்றுள் ஒரு பெருங்கூட்டம் மட்டும் உண்மையிலேயே ஒரே இரத்தம். அந்தக் கூட்டத்தைக் காட்டிக்கொடுப்பது நிறமல்ல, ஸ்போரின் வடிவம்.

முதலில் அந்த நிறத்தைக் கண்ணால் பார்ப்போம். முற்றிய காளான் ஒன்றின் காம்பை நறுக்கிவிட்டு, குடையைச் செவுள் கீழே இருக்கும்படி ஒரு தாளின் மேல் வைக்க வேண்டும். தாளில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு இருந்தால் நல்லது. வெள்ளைத் தூள் கறுப்பிலும் நிறத்தூள் வெள்ளையிலும் தெளிவாகத் தெரியும். குடையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். காலையில் குடையைத் தூக்கினால் செவுள்களின் வரிசை அப்படியே தாளில் தூளாகப் படிந்திருக்கும். இதை ஸ்போர் பதிவு என்கிறோம். நாம் பேசும் கூட்டத்தில் இந்தப் பதிவு செங்கொய்யாவின் சதை நிறத்திலிருந்து பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு வரை வரும். புதிதாகப் படிந்த ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்த பின் இன்னொரு நிறம். ஆகவே காய்ந்த பிறகே நிறத்தைக் குறித்துக்கொள்வது வழக்கம். தூள் நல்ல கனமாகப் படிந்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம். மெல்லிய படிவு எந்தக் காளானுடையதானாலும் வெளிறித்தான் தெரியும். இதே ஸ்போர்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தால் கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருக்கும். இலட்சக்கணக்கில் குவிந்தால்தான் இளஞ்சிவப்பு வெளிப்படும்.

செவுளின் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடலாமே என்று தோன்றும். அது ஆபத்து. இளங்காளானில் செவுள் வெள்ளையாகவோ சாம்பலாகவோ, சிலவற்றில் மஞ்சளாகவோ நீலமாகவோ இருக்கும். ஸ்போர் முற்ற முற்றத்தான் இளஞ்சிவப்பு ஏறும். மறுபுறம், செவுள் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்து ஸ்போர் வேறு நிறத்தில் வரும் காளான்களும் உண்டு. வயல்வெளியில் முளைக்கும் அகாரிகஸ் இளமையில் அழகான இளஞ்சிவப்புச் செவுளைக் காட்டும், பதிவெடுத்தால் கரும்பழுப்பு.

ஸ்போர் நிறத்தைக் கொண்டு காளான்களைப் பிரிக்கும் வழியை நிலைநிறுத்தியவர் சுவீடனின் எலியாஸ் ஃப்ரீஸ். 1821இல் வெளிவந்த அவருடைய சிஸ்டமா மைக்கோலாஜிக்கம் நூலின் முதல் தொகுதியில் செவுளுள்ள காளான்களில் பெரும்பாலானவை அகாரிகஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் அடங்கியிருந்தன. அந்தப் பெருங்கூட்டத்தை அவர் ஸ்போர் நிறத்தால் வரிசைகளாகப் பிரித்தார். இளஞ்சிவப்பு வரிசைக்கு ஹைப்போரோடியஸ் என்று பெயர். நுண்ணோக்கியை அவர் பெரிதாக நம்பியவரல்லர். கண்ணும் மூக்கும் விரலும்தான் அவருடைய கருவிகள்.

ஃப்ரீஸின் ஏற்பாட்டில் ஒரு வடிவ ஒழுங்கு உண்டு. அவரும் அவர் வழி வந்தவர்களும் ஒவ்வொரு நிற வரிசைக்குள்ளும் அதே உடல் வடிவங்களைத் தேடினார்கள். வெள்ளை வரிசையில் தடித்த சதையும் காம்போடு ஒட்டிய செவுளும் கொண்டது டிரைக்கோலோமா; இளஞ்சிவப்பில் அதற்கு இணை எண்டோலோமா. மெலிந்த உடலும் மணிபோன்ற குடையும் கொண்ட மைசீனாவுக்கு இணை நோலானியா. குடை நடுவில் குழிந்து, செவுள் காம்பில் இறங்கினால் எக்சிலியா. காம்பு பக்கவாட்டில் ஒதுங்கினாலோ இல்லாமலே போனாலோ கிளாடோபஸ். அடியில் பைபோன்ற உறையுள்ள அமனிட்டாவுக்கு இணை, இன்று நாம் வால்வேரியெல்லா என்று அழைப்பது. 1871இல் ஜெர்மானியப் பாதிரியார் பால் கும்மர், ஃப்ரீஸ் உட்பிரிவாக வைத்த இந்தப் பெயர்கள் பலவற்றைத் தனிப் பேரினங்களாக உயர்த்தினார். எண்டோலோமா, நோலானியா, லெப்டோனியா, கிளைட்டோபைலஸ் எல்லாம் அப்படித்தான் பேரினங்களாயின. களத்தில் நிற்பவருக்கு இது அருமையான ஏற்பாடு: பதிவின் நிறம் தெரிந்தால் வரிசை தெரியும், உடல்வாகு தெரிந்தால் கட்டம் தெரியும். நான் இன்றும் புதியவர்களுக்கு இந்த முறையில்தான் தொடங்கச் சொல்வேன். ஆனால் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருப்பவை உறவினர்கள்தாமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை எழுப்பினால் இந்த ஏற்பாட்டின் பல பகுதிகள் நிற்பதில்லை.

உறவில் தனித்து நிற்பவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். மட்கும் மரத்தில் முளைத்திருக்கிறது, செவுள்கள் காம்பைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்கின்றன, அடியில் உறை இல்லை, பதிவு இளஞ்சிவப்பு என்றால் அது பெரும்பாலும் புளூட்டியஸ். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மட்கும் அடிமரங்களில் சாதாரணமாகக் காணப்படும் புளூட்டியஸ் செர்வினஸைக் கையில் எடுத்து முகர்ந்தால் முள்ளங்கி வாசனை வரும். அதன் செவுளில் ஒரு சிறு துண்டை நுண்ணோக்கியில் வைத்தால் காணக் கிடைப்பது அற்புதமான காட்சி. செவுளின் பக்கத்திலிருந்து தடித்த சுவருள்ள நீண்ட செல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் இரண்டு மூன்று கொக்கிகள் வெளிப்புறமாக வளைந்திருக்கும். அந்தக் கொக்கியைப் பார்த்துவிட்டால் பேரினத்தைப் பற்றிச் சந்தேகமே வராது. ஸ்போர்களோ வழுவழுப்பான முட்டை வடிவம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மூலையும் இல்லை.

அடியில் பைபோன்ற உறை இருந்து, செவுளும் காம்பைத் தொடாமல் இருந்தால் அது வால்வேரியெல்லா பக்கம் போகும். தமிழர்களுக்கு நன்கு பழக்கமான இளஞ்சிவப்பு ஸ்போர்க் காளான் இதுதான்: வைக்கோல் காளான். 1940களின் தொடக்கத்திலேயே கோயம்புத்தூரில் அரசுப் பூஞ்சையியலாளர்கள் இதை வைக்கோல் படுக்கையில் வளர்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். முட்டைபோல் உறைக்குள் மூடியிருக்கும் பருவத்தில்தான் அறுவடை. அந்தப் பருவத்தில் ஸ்போர் இன்னும் உருவாகியிருக்காது. அதனால் இதைச் சமைத்தவர்கள் பலர் அதன் இளஞ்சிவப்பைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். ஓரிரண்டு மொட்டுகளைப் பறிக்காமல் விட்டு, குடை விரிந்த பின் செவுளைப் பார்த்தால் வெள்ளை மங்கி நிறம் ஏறியிருப்பது தெரியும்.

இந்த மொட்டுப் பருவம்தான் ஆளைக் கொன்றிருக்கிறது. உலகிலேயே அதிகம் பேரைக் கொன்ற காளானான அமனிட்டா ஃபல்லாய்ட்ஸும் இளமையில் அதே போல் உறைக்குள் முட்டையாக நிற்கும். ஐரோப்பாவைச் சேர்ந்த இது, ஓக் முதலிய மரங்களின் வேரோடு கூடி வாழ்வது. நடப்பட்ட மரங்களோடு சேர்ந்து ஆஸ்திரேலியாவுக்கும் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே குடியேறிய தென்கிழக்கு ஆசிய நாட்டவர், ஊரில் சாப்பிட்ட வைக்கோல் காளான் என்று எண்ணிப் பறித்துச் சமைத்து உயிரிழந்த சம்பவங்கள் உண்டு. இதன் நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. சாப்பிட்டுப் பல மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வந்து, நடுவில் குணமானதுபோல் தோன்றி, அதற்குள் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். குடை விரிந்தபின் வேறுபாடு எளிது: அமனிட்டாவின் பதிவு வெள்ளை, காம்பில் வளையம் இருக்கும், வைக்கோல் காளானுக்கு வளையம் கிடையாது, பதிவு இளஞ்சிவப்பு. மொட்டில் இந்த இரண்டையுமே பார்க்க முடியாது. அதனால்தான் காட்டிலோ புல்வெளியிலோ முட்டைப் பருவக் காளானைப் பறித்துச் சமைக்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன். வைக்கோல் படுக்கையில் வித்துப் போட்டு வளர்த்தது மட்டுமே பத்திரம்.

உறவு முறையில் இங்கே இன்னொரு திருப்பம் உண்டு. இளஞ்சிவப்பு, தொடாத செவுள் என்ற இரண்டையும் வைத்து வால்வேரியெல்லாவையும் புளூட்டியஸையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். 2011இல் டி.என்.ஏ. ஒப்பீட்டோடு வெளியான ஓர் ஆய்வில் வைக்கோல் காளானும் அதன் நெருங்கிய சொந்தங்களும் புளூட்டியஸ் குடும்பத்துக்கு வெளியே போய்விட்டன. அதே வால்வேரியெல்லாவில் வைக்கப்பட்டிருந்த இன்னொரு கூட்டம், பெரிய ஸ்போரும் பிசுபிசுத்த குடைத்தோலும் கொண்டது, புளூட்டியஸுக்குப் பக்கத்திலேயே நின்றது. அதற்கு வால்வோபுளூட்டியஸ் என்று புதுப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்த உறை, இரண்டு வம்சங்களில் தனித்தனியாக வந்திருக்கிறது.

இனி அந்த உண்மையான பெருங்கூட்டம். தரையில் முளைத்து, செவுள் காம்போடு ஒட்டி, இளஞ்சிவப்புப் பதிவு தரும் காளான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதிவிலிருந்து ஊசி முனையால் சிறிது தூளை எடுத்து, கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து, மூடுவில்லை வைத்து, எண்ணெய் லென்சில் ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்க்க வேண்டும். எண்டோலோமாவாக இருந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஸ்போர்கள் உருண்டையல்ல, முட்டையுமல்ல. நேர்க்கோட்டு விளிம்புகளும் மூலைகளும் கொண்ட பட்டை தீட்டிய துகள்கள். ஐந்து, ஆறு, ஏழு மூலைகள். சில சிற்றினங்களில் அதற்கும் மேல். நீளம் பெரும்பாலும் 8 முதல் 12 மைக்ரோமீட்டர். அதாவது நூறு ஸ்போர்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர். ஒரு முனையில் சிறு மூக்குபோல் ஒரு துருத்தல் இருக்கும். ஸ்போர் தாய்ச் செல்லோடு ஒட்டியிருந்த இடம் அது. சில சிற்றினங்களில் ஸ்போர் கிட்டத்தட்ட கனசதுரம். கிழக்கு வட அமெரிக்காவில் வளரும், உச்சியில் கூர்முனை நீட்டிய மஞ்சள் காளான் எண்டோலோமா முர்ராயி அப்படிப்பட்டது. நுண்ணோக்கியில் நான்கு மூலைப் பெட்டிகள் மிதப்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

கிளைட்டோபைலஸ் இவ்வளவு வெளிப்படையாகப் பேசாது. வெள்ளையான குடை, காம்பில் இறங்கும் செவுள், புதிதாக அரைத்த மாவின் மணம் கொண்ட கிளைட்டோபைலஸ் புரூனுலஸின் ஸ்போரைப் பக்கவாட்டில் பார்த்தால் இரு முனையும் ஒடுங்கிய வழுவழுப்பான துகள் என்றே தோன்றும். நன்றாகக் குவியம் வைத்தால் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் புலப்படும். அவை வரம்புகள். முனையிலிருந்து பார்த்தால்தான் அந்த வரம்புகள் மூலைகளாகத் தெரியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது: மூடுவில்லையைப் பென்சில் முனையால் மெதுவாகத் தட்டினால் ஸ்போர்கள் உருளும். உருளும்போது சில நேராக நின்று, தம் கோணமுள்ள குறுக்குவெட்டைக் காட்டிவிட்டு மீண்டும் சாய்ந்துவிடும். அந்தக் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். மூன்றாவதாக ரோடோசைபி. அதில் வரம்பும் இல்லை, தெளிவான பட்டையும் இல்லை. மேற்பரப்பெங்கும் மேடு பள்ளம். கல்லூரி ஆய்வகங்களில் கிடைக்கும் லாக்டோஃபீனால் காட்டன் புளூவில் வைத்தால் ஸ்போரின் சுவர் நீலத்தை உறிஞ்சி அந்த மேடுகள் துலங்கும்.

பட்டை, வரம்பு, மேடு என்று மூன்று விதமாக இருந்தாலும் அடிப்படை ஒன்றே: முனையிலிருந்து பார்த்தால் கோணம். இந்த மூன்றையும் சேர்த்து எண்டோலோமா குடும்பம் என்கிறோம். டி.என்.ஏ. வந்தபோது நிறத்தை வைத்துக் கட்டிய எத்தனையோ கூட்டங்கள் சிதறின. இந்தக் குடும்பம் சிதறவில்லை. ஊதா நிறத்தில் அழகாகத் தெரியும் லெபிஸ்டா நூடாவும் இளஞ்சிவப்பு மங்கலான பதிவு தரும். ஆனால் கோணம் கிடையாது, உறவும் கிடையாது. சுருக்கம் விழுந்த குடையுள்ள ரோடோடஸ் பால்மேட்டஸும் அப்படியே. டெர்மிட்டோமைசிஸின் வழுவழுப்பான ஸ்போரை இதே லென்சில் வைத்திருந்தால் 1887இலேயே வேறுபாடு தெரிந்திருக்கும்.

குடும்பம் உறுதியான பின்னும் அதற்குள் எத்தனை பேரினம் என்ற வழக்கு ஓயவில்லை. 1886இல் பிரான்சின் லூசியன் கெலே, கும்மர் பிரித்தவற்றுள் பலவற்றைச் சேர்த்து ரோடோஃபில்லஸ் என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தார். ஆன்ரி ரோமாக்னேசியும் அந்தப் பெயரிலேயே மடகாஸ்கர், மேற்கு ஆப்பிரிக்கக் காளான்களை ஆராய்ந்து எழுதினார். பழைய பிரெஞ்சு நூல்களில் ரோடோஃபில்லஸ் என்று பார்த்தால் அதை எண்டோலோமா என்று படித்துக்கொள்ளலாம்; முந்திய பெயருக்கே உரிமை என்ற விதிப்படி எண்டோலோமா நிலைத்தது. நெதர்லாந்தின் நூர்டெலோஸ் 1992இலும் 2004இலும் வெளியிட்ட இரு பெருந்தொகுதிகளில் எண்டோலோமாவைப் பெரிய பேரினமாக வைத்துக்கொண்டு, நோலானியா, லெப்டோனியா போன்றவற்றை உட்பேரினங்களாக்கினார். அமெரிக்காவில் பலர் அவற்றைத் தனிப் பேரினங்களாகவே நடத்தி வந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கும் ஒரு கூட்டத்தில் இது சின்னச் சண்டை அல்ல.

2009இல் கோ-டேவிட், லாங்கவெல்ட், நூர்டெலோஸ் மூவரும் டி.என்.ஏ.வையும் ஸ்போர் வடிவத்தையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். குடும்பம் இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிந்தது: ஒருபுறம் எண்டோலோமா, மறுபுறம் ரோடோசைபியும் கிளைட்டோபைலஸும். இந்த இரண்டாம் கிளையில்தான் சிக்கல். ரோடோசைபி என்று நாம் அழைத்தவற்றுக்கு நடுவிலிருந்து கிளைட்டோபைலஸ் கிளைத்திருந்தது. ஒரு பேரினத்துக்குள் இன்னொரு பேரினம் பிறந்திருந்தால் இரண்டையும் அப்படியே விட்டுவைக்க முடியாது. ஒன்று, எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்க்க வேண்டும். அல்லது ரோடோசைபியை உடைக்க வேண்டும். 2009இன் மூவரும் சேர்த்தார்கள்: எல்லாம் கிளைட்டோபைலஸ். 2014இல் குளூட்டிங், பரோனி, பெர்கெமன் மூவரும் உடைத்தார்கள்: கிளைட்டோபைலஸ், கிளைட்டோபைலாப்சிஸ், கிளைட்டோசெல்லா, ரோடோசைபி, ரோடோஃபானா என்று ஐந்து பேரினங்கள்.

இதில் நான் உடைத்தவர்கள் பக்கம். வம்ச மரம் இரு தரப்புக்கும் ஒன்றுதான். எங்கே கோடு போடுவது என்பது மட்டுமே மனிதர் தீர்மானம். அப்படியானால் கோடு, நுண்ணோக்கி வைத்திருக்கும் ஒருவர் பார்த்துச் சொல்லக்கூடிய இடத்தில் விழுவது நல்லது. இந்த ஐந்தில் வரம்புள்ள ஸ்போர், மேடுள்ள ஸ்போர், சுவர் தடித்த ஸ்போர், பூஞ்சை இழைகளில் செல்களை இணைக்கும் சிறு வளைவான கணுப்பிணைப்பு உண்டா இல்லையா என்று பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது. அதே காரணத்தால் எண்டோலோமாவை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே உடல்வாகு ஒரு பக்கமும் வம்சம் ஒரு பக்கமும் இழுக்கின்றன. மணிக்குடையும் குழிந்த குடையும் பக்கக்காம்பும் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன.

உடல்வாகு எவ்வளவு மாறக்கூடும் என்பதற்கு ரிச்சோனியெல்லா நல்ல சாட்சி. அது சிறு கிழங்குபோல் தரையில் கிடக்கும். குடை விரியாது, செவுள் தெரியாது, ஸ்போர்கள் உள்ளேயே மூடியிருக்கும். கண்ணால் பார்த்தால் செவுள் காளானோடு எந்தச் சம்பந்தமும் சொல்ல முடியாது. வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் கோண ஸ்போர். டி.என்.ஏ.வும் அதை எண்டோலோமாவுக்குள்தான் வைக்கிறது. குடையும் செவுளும் காம்பும் போய்விட்ட பிறகும் ஸ்போரின் மூலைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

சிற்றினத்தைத் தீர்மானிக்கும் நிலைக்கு இறங்கும்போது வேலை இன்னும் கடுமையாகிறது. நியூசிலாந்தின் 50 டாலர் நோட்டின் பின்புறத்தில் கோகாகோ பறவையோடு ஒரு நீலக் காளான் இருக்கிறது: எண்டோலோமா ஹோக்ஸ்டெட்டெரி. 1866இல் ரைக்கார்ட் முதலில் வேறு பேரினத்தில் வைத்துப் பெயரிட்ட இதை, 1962இல் கிரெட்டா ஸ்டீவன்சன் எண்டோலோமாவுக்கு மாற்றினார். குடையும் காம்பும் ஆழ்ந்த நீலம். பதிவு மட்டும் இளஞ்சிவப்பு. ஜப்பானிலும் இதைப்போன்ற நீல எண்டோலோமாக்கள் உண்டு. இவை எல்லாம் ஒன்றே என்று எகான் ஹோராக் கருதினார். ஜப்பானின் ஹோங்கோ ஸ்போர் அளவுகளை ஒப்பிட்டு, நியூசிலாந்துக் காளான் வேறு என்றார். அத்தனை நீலத்தையும் தாண்டி வழக்கைத் தீர்க்க உதவியது ஓரிரு மைக்ரோமீட்டர் வேறுபாடு.

ஜப்பானில் இந்த அளவெடுப்பு உயிர் சம்பந்தப்பட்டது. அங்கே மக்கள் விரும்பிப் பறிக்கும் எண்டோலோமா சார்கோபம் என்ற உண்ணக்கூடிய காளானும், நஞ்சுள்ள எண்டோலோமா ரோடோபோலியம் என்று அழைக்கப்பட்டதும் ஒரே காட்டில், ஒரே பருவத்தில் வளர்கின்றன. இரண்டின் பதிவும் இளஞ்சிவப்பு, இரண்டின் ஸ்போரும் கோணம். ஜப்பானில் காளான் நச்சுச் சம்பவங்களுக்கு முன்னணிக் காரணங்களில் ஒன்று இந்தக் குழப்பம். 2017இல் வெளியான ஆய்வொன்று, ஜப்பானில் ரோடோபோலியம் என்று ஒரே பெயரில் அழைத்தது உண்மையில் ஐரோப்பியச் சிற்றினமே அல்ல, வெவ்வேறு சிற்றினங்களின் தொகுப்பு என்று காட்டி, டி.என்.ஏ.வை வெட்டிப் பார்த்து விரைவாக அடையாளம் காணும் முறையையும் தந்தது. நோயாளியின் வீட்டில் மிஞ்சிய துண்டை வைத்து, என்ன சாப்பிட்டார் என்று சொல்ல அது உதவும். ஐரோப்பாவிலும் பருத்த உடலுடைய எண்டோலோமா சினுவேட்டம் கடும் வாந்தி பேதியை உண்டாக்கும். அதற்கும் நல்ல கிளைட்டோபைலஸுக்கும் மாவு மணம் ஒன்றேதான். ஆகவே கோண ஸ்போரைக் கண்டுபிடித்தால் குடும்பத்தைக் கண்டுபிடித்தோம் என்று மட்டுமே பொருள். சாப்பாட்டுக்கு அது எந்த உத்தரவாதமும் தராது.

நம் பக்கத்தில் இந்தக் குடும்பத்தை ஆழமாகத் தோண்டியவர்கள் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தினர். மணிமோகன், ஜோசப், லீலாவதி மூவரும் கேரளத்து எண்டோலோமாக்களைப் பற்றி 1995இல் எழுதினார்கள். 2006இல் மணிமோகன், நூர்டெலோஸோடும் தன்யாவோடும் சேர்ந்து இன்னும் விரிவாக எழுதினார். இலங்கைக்கு டேவிட் பெக்ளர் 1986இல் வெளியிட்ட செவுட்காளான் நூல் இருக்கிறது. துவெய்ட்ஸ் அனுப்பிய பழைய மாதிரிகளுக்கும் இன்றைய பெயர்களுக்கும் பாலம் வேண்டுபவர் அதைத்தான் புரட்ட வேண்டும். ஐரோப்பியப் படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக் காளானுக்குப் பெயர் தேடுவதைவிட, இந்த நூல்களில் தேடி, பொருந்தாவிட்டால் பெயரில்லாமல் விடுவது எவ்வளவோ மேல்.

அப்படிப் பெயரில்லாமல் வைக்கும் மாதிரிக்குத்தான் அதிகக் கவனம் தேவை. பறிப்பதற்கு முன்பே மண்ணா மரமா, பக்கத்தில் என்ன மரம், புல்வெளியா என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் எண்டோலோமா கிளைப்பியேட்டம் ஆப்பிள், ரோஜா குடும்பத்து மரஞ்செடிகளின் வேரோடு சேர்ந்தே வளர்கிறது. பிரிட்டனில் உரம் போடாத பழம்புல்வெளிகளின் தரத்தை மதிப்பிட எண்டோலோமாக்களைக் கணக்கெடுக்கிறார்கள். வட அமெரிக்காவில் எண்டோலோமா அபார்டிவம் இருக்கும் இடத்தில் வடிவம் குலைந்த வெள்ளை உருண்டைகள் கிடைக்கும். ஆர்மில்லேரியா என்ற இன்னொரு காளான் தாக்கியதால் குலைந்த எண்டோலோமா அவை என்று வெகுகாலம் நம்பினார்கள். 2001இல் வெளியான களச் சோதனைகள் அதைத் தலைகீழாக்கின: தாக்கியது எண்டோலோமா, குலைந்தது ஆர்மில்லேரியா. எதன் பக்கத்தில் எது நின்றது என்ற குறிப்பு இல்லாவிட்டால் இப்படிப்பட்ட கேள்வியே எழாது.

காளானை அடியோடு, மண்ணுக்குள் இருக்கும் பகுதி அறுபடாமல் எடுக்க வேண்டும். உறை இருந்தால் அங்கேதான் இருக்கும். நசுக்கி முகர்ந்து மணத்தையும், இளசு முற்றல் இரண்டின் செவுள் நிறத்தையும், குடை ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தால் ஒரு நிறமுமாக மாறுகிறதா என்பதையும் அன்றைக்கே குறிக்க வேண்டும். உலர்ந்தபின் இவற்றில் ஒன்றும் மிஞ்சாது. உலர்த்துவதற்கு நாற்பது டிகிரிச் சூட்டில் காற்றோட்டம் போதும். சமைக்கும் அளவுக்குச் சூடேறினால் டி.என்.ஏ. கெட்டுவிடும். உலர்ந்த மாதிரியோடு ஸ்போர் பதிவெடுத்த தாளையும் மடித்து ஒரே காகித உறைக்குள் போட வேண்டும். செவுளைச் சுரண்டினால் முற்றாத ஸ்போர்களும் கலந்து வந்து அளவைக் குறைத்துக் காட்டும். தாளில் விழுந்தவை தானாக முற்றி உதிர்ந்தவை. நீளமும் மூலைகளின் எண்ணிக்கையும் அவற்றில்தான் எடுக்கப்படுகின்றன.